தளர்வு ஒன்று புள்ளி நான்கு

திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை
அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்.
ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவில் கதவு எண்,
கிணற்றின் ஆழம், அலையிலிருந்து எத்தனை மீட்டர்.
தரமணி ஆய்வகத்து ஏசியில்
மே மாதத்துத் தண்ணீர் எல்லாம் ஒரே நிறம்.

நல்ல தண்ணீருக்குக் கூட்டல் ஒன்று.
உப்புக்குக் கழித்தல் ஒன்று.
‘லேசாக் கரிக்கும், பழகிடுச்சு’ என்றவர்களுக்கு
எண் எதுவும் இல்லை;
நாக்கைக் கேட்டு ஏதோ ஒரு பக்கம் தள்ளினேன்.

கழித்தல் என்றால் கிணற்றுக்கு மூடி, வாசலுக்கு லாரி.
கூட்டல் என்றால் ஒன்றுமில்லை.
இதைத் தெரிந்துகொண்ட பாலவாக்கம் எத்திராஜ்
கல்லுப்பு கரைத்துக் கொடுத்தார்.
கடலே அவ்வளவு கரிக்காது.
கரைக்காமல் கொடுத்திருந்தாலும்
அவர் கழித்தல்தான், பாவம்.

வாரியத்துக்கு வேண்டியது பாட்டில் அல்ல, கோடு.
யாரும் இன்னும் மூடி திறந்து பார்க்காத
ஆயிரம் கிணறுகளுக்கும் அதே கோடு.
ஆழம் ஓர் அச்சு, அலையின் தூரம் ஓர் அச்சு;
இடையில் கோடு போடு என்றால்
எத்தனையோ போடலாம்.
நமக்கு வேண்டியது ஒன்று.

கோடு என்பது பேச்சுக்கு. உண்மையில் அது தெரு.
மாநகராட்சி சர்வேயர்
சிவப்பு பெயின்ட் டப்பாவோடு வருவதுபோல்
கணக்கு வருகிறது,
கூடியமட்டும் சுவரை இடிக்காமல்
எவ்வளவு அகலம் தேறும் என்று பார்க்கிறது.
அகலம் பெருக ஓர் அம்பு குறுக வேண்டும்.
அந்த அம்பைத்தான் ராத்திரி முழுக்க
இயந்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது.

விடிந்தபோது
தெருவின் இரு ஓரமும் முட்டிக்கொண்டு
பதினோரு பாட்டில்.
பன்னிரண்டாவது தனியே, எதிர்ப்பக்கம், உப்புக்கு நடுவில்.
மிச்சம் அறுநூறையும் சாக்கடையில் கொட்டினாலும்
கோடு இம்மியும் அசையாது.
கொட்டிப் பார்த்தேன், திரையில்தான். அசையவில்லை.
மாடவீதியின் தித்திப்பும்
கடலோரப் பங்களாக்களின் கைப்பும்
எத்திராஜின் கல்லுப்பும்
வெறும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.
தெருவைப் பிடித்துக்கொண்டு நிற்பவை
ஒருநாள் சோப்பு நுரைத்து
மறுநாள் நுரைக்காத வீடுகள்.

பன்னிரண்டாவது, தேசராணியின் உறைகிணறு.
கொட்டிவாக்கம் குப்பம், அலைக்கு நாற்பது மீட்டர்.
‘பதிமூணு வூடு குடிக்குது.
நீயும் குட்ச்சிட்டு எழுதிக்க’
என்று சொம்பை நீட்டியிருந்தாள்.
மணலுக்கடியில் போன ஐப்பசியின் மழை
உப்பின்மேல் இன்னும் மிதந்துகொண்டிருந்தது.
கூட்டல் ஒன்று என்று என் கையால் எழுதினேன்.
கோடு அவளைக் கழித்துவிட்டது.

இந்தப் பிழைக்குப் பெயர் தளர்வு.
அவளுடையது ஒன்று புள்ளி நான்கு.
ஒன்றைத் தாண்டினால் பக்கம் மாறிற்று என்று அர்த்தம்.
தளர்வுக்கெல்லாம் அபராதம் உண்டு.
அபராதம் எவ்வளவு என்பதற்குத்
தேற்றம் எதுவும் இல்லை,
காலியாக ஒரு கட்டம், மினுக்கும் கர்சர்,
நான்.

ஃபெலிக்ஸ் டீயோடு எட்டிப் பார்த்தான்.
‘ஒரு புள்ளிதானே, விடு.’

அந்த ஒரு புள்ளிக்கு மட்டும்
ஐம்பது மடங்கு போட்டேன்.
கோடு சாய்ந்தது. தெரு சந்தாயிற்று.
தேசராணி இந்தப் பக்கம் வந்து நின்றாள்,
சுவரை உரசிக்கொண்டு.
அவளுக்கு எதிரே இருந்த மூன்று கிணறுகள்
உட்கார்ந்த இடத்திலேயே நல்ல தண்ணீராயின.

கதவு எண்களைப் பார்த்தேன்.
ஒன்று, நாங்கள் குடியிருக்கும் வீடு.
மூன்று வருஷமாக அங்கே
ரசத்துக்கு நான் உப்பே போட்டதில்லை.

கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு
டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு சேமித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை,
கீழ்வீட்டு ரெஜினா நான்கு குடத்தோடு தெருமுனையில்.
‘இன்னிக்கு லாரி லேட்டா?’

லேட்தான் போல, என்றேன்.